மூச்சுக்கு எழும் கை

எழுத்து எனக்குப் பழக்கமில்லை. பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. நாலு பேர் நடுவில் வாய் திறந்து பேசவும் வராது. அப்படிப்பட்டவன் எழுத உட்கார்ந்ததைப் படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். என் வலது கையைப் பற்றி எங்கள் ஊரில் ஒரு கதை உலவுகிறது. என் ஆத்தா செத்த அன்று அவள் அந்தக் கையில் இறங்கினாள் என்பது கதை. அதைப் பொய் என்று சொல்ல நான் எழுதவில்லை. பார்த்தவர்கள் பார்த்ததைச் சொல்கிறார்கள். ஆனால் அந்தக் கை என் உடம்பில் இருக்கிறது. என் பக்கத்தையும் ஒரு தடவை சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

சின்னமனூருக்குத் தெற்கே ஒரு திராட்சைத் தோட்டத்தில் கவாத்து வெட்டுகிறவனாக இருந்தேன். பந்தலுக்கு அடியில் நின்று இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கியபடி பகல் முழுக்கக் கொடி வெட்ட வேண்டும். தொண்ணூற்றெட்டில் ஒரு மழை நாள், வேலை முடிந்து மொபெட்டில் வரும்போது ரோட்டுச் சேற்றில் சறுக்கி விழுந்தேன். தலை ஒரு பக்கமும் தோள் ஒரு பக்கமுமாக இழுபட்டது. பெரிய ரத்தக் காயம் இல்லை. எலும்பும் முறியவில்லை. எழுந்து வண்டியைத் தூக்கப் போனேன். இடது கை வண்டிக்குப் போனது. வலது கை போகவில்லை.

தோள்பட்டை இறங்கியிருக்கும் என்று எண்ணெய் போட்டு நாட்டுக் கட்டுக் கட்டினார்கள். கட்டுப் பிரிப்பதும் மறுபடி கட்டுவதுமாக மாதங்கள் ஓடின. கடைசியில் தேனியில் ஒரு டாக்டர் பார்த்தார். கழுத்திலிருந்து கைக்கு இறங்கும் நரம்புகளில் சில வேரோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டன என்றார். ஆறு மாதத்துக்குள் வந்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாமாம். விரல்கள் மடங்கின, ஒரு பொருளைக் கொடுத்தால் பிடித்துக்கொண்டன. முழங்கை மடங்கவில்லை, தோள் எழவில்லை. சட்டையின் நடுப் பொத்தானைத் திறந்து அதற்குள் கையைச் செருகிக்கொண்டு ஐந்து வருஷம் நடந்தேன். தோட்டத்துக்காரர் என்னை விரட்டாமல் மோட்டார் போடவும் தண்ணீர் பாய்ச்சவும் வைத்துக்கொண்டார்.

ஆத்தாவுக்கு இருந்த கவலை வேறு. எங்கள் பக்கம் தகப்பனுக்கு மூத்த மகனும் தாய்க்கு இளைய மகனும் கொள்ளி வைப்பது வழக்கம். நாங்கள் இரண்டே பேர். ஐயாவுக்கு அண்ணன் வைத்துவிட்டார். ஆத்தாவுக்கு நான் வைக்க வேண்டும். இடது தோளில் தண்ணீர்க் குடம், வலது கையில் கொள்ளிக் கட்டை. குடத்தைப் பிடிக்கவே எனக்கு இருந்த ஒரு கை சரியாகப் போய்விடும், இடது கையால் கொள்ளி வைப்பதும் ஆகாது.

"ஏலே, நான் போனா எனக்கு யாருடா கொள்ளி வைக்கிறது?" என்பாள்.

"அண்ணன் வைப்பாக."

"அவன் உங்கய்யாவுக்கு வச்சவன். எனக்கு நீதான்."

"அப்ப கை சரியாகிற வரைக்கும் சாகாத, ஆத்தா."

"எனக்கென்ன அவசரம்? எமன் என்ன, கம்பத்துக்குப் போற கடைசி பஸ்ஸா? விட்டா வேற வண்டி கிடையாதுன்னு ஓடி ஏறுறதுக்கு?"

சிரிப்பாகத்தான் சொல்வாள். ஆனால் இளைய பிள்ளை வீட்டில் இருக்கும்போது வேறொருவன் கையால் வேக வேண்டியிருக்குமோ என்று பக்கத்து வீட்டில் அவள் அழுததாக என் மனைவி சொன்னாள்.

அவள் அரித்த அரிப்பில்தான் அண்ணன் விசாரித்து என்னைக் கோயம்புத்தூருக்குக் கூட்டிப் போனார். அங்கே இருந்த டாக்டர், நான் மோட்டார் போடுகிறவன் என்று தெரிந்ததும் ஒரு தாளில் படம் போட்டார்.

"உங்க கையில இருந்த மோட்டார் ஓடாம ஓடாம வீணாப் போச்சு. மெயின் லைனும் அறுந்து போச்சு. அதனால தொடையில இருந்து ஒரு தசையை எடுத்துக் கையில வைக்கப் போறோம். அது புது மோட்டார்."

"கரண்டுங்க?"

"பக்கத்து வீட்டுல இருந்து இழுப்போம். விலா எலும்புக்கு நடுவுல மூச்சு விடுறதுக்கு நரம்பு ஓடுது. அதுல ரெண்டு மூணைத் திருப்பிக் கைக்குக் கொடுப்போம்."

காலையில் உள்ளே கொண்டுபோனவர்கள் இருட்டிய பிறகுதான் வெளியே கொண்டுவந்தார்களாம். தொடையிலும் விலாவிலும் கையிலும் தையல். ஊருக்குத் திரும்பி எட்டு மாதம் ஆகியும் ஒன்றும் நடக்கவில்லை. தேனியில் பயிற்சி கொடுக்கும் அம்மா ஒருவர், "மூச்சை ஆழமா இழுத்துப் பிடிங்க, கையையே பாருங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நானும் பார்த்துக்கொண்டே இருந்தேன். அது செத்த கையாகவே கிடந்தது.

ஒரு மத்தியானம் தோட்டத்தில் சாப்பிட்டுவிட்டுப் பந்தலுக்கு அடியில் சாக்கை விரித்துப் படுத்தேன். இலை அடர்ந்திருந்த காலம். வெயில் பச்சையாக இறங்கும். காற்று இல்லை. கண் அசந்து விழித்தபோது என் வயிற்றின் மேல் ஏதோ ஏறி இறங்குவது போலிருந்தது. குனிந்து பார்த்தேன். என் கை. மணிக்கட்டைப் பிடித்து யாரோ தூக்குவது போல மெல்ல எழுந்தது. ஒரு சாண் உயரம்கூட இருக்காது. பிறகு வயிற்றில் விழுந்தது. மறுபடியும் எழுந்தது. நான் அதை எழச் சொல்லவில்லை. பயத்தில் மூச்சைப் பிடித்தேன். கை அந்தரத்தில் அப்படியே நின்றது. விரல்கள் என்னைப் பார்த்துத் தொங்கின. எவ்வளவு நேரம் அப்படி இருந்தேனோ, மூச்சு முட்டி வெளியே விட்டதும் அது பொத்தென்று விழுந்தது.

சந்தோஷப்பட வேண்டிய நேரம் அது. எனக்கு உடம்பெல்லாம் மயிர் கூச்செறிந்தது. எழுந்து வரப்பு வழியாக ஓட்டமும் நடையுமாக வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம் இரைத்தது. இரைத்த இரைப்புக்கெல்லாம் சட்டைக்குள் அது துள்ளிக்கொண்டே வந்தது.

அன்றிலிருந்து அது வளர்ந்தது. நாலைந்து மாதத்தில் மூச்சை இழுத்தால் முழங்கை மடங்கி, விரல் நெஞ்சுவரை வந்தது. மூச்சை விட்டால்தான் இறங்கும். இருமினாலும் எழும், தும்மினாலும் எழும். டீக்கடையில் ஒருநாள் தும்மினேன். அந்த வழியாக ஒரு போலீஸ்காரர் போய்க்கொண்டிருந்தார்.

"அங்கன பாருங்கப்பா, ஏட்டையாவுக்கு சல்யூட் வைக்கிறான். உருப்பட்டுருவான்" என்று கடைக்காரர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்த சிரிப்புக்கு மறுபடியும் எழுந்தது. அதற்கு அவர்கள் சிரிக்கவில்லை.

என் மனைவி பாயை என் இடது பக்கம் மாற்றிப் போட்டுக்கொண்டாள். "நீங்க தூங்கையில அது தலையத் தூக்கித் தூக்கிப் பாக்குதுங்க" என்றாள். அது என்றுதான் சொன்னாள். கை என்று சொல்லவில்லை.

ஆத்தா மட்டும் பயப்படாமல் பக்கத்தில் உட்கார்ந்து அதைத் தடவுவாள். தசை வைத்த இடத்தில் தொட்டால் எனக்கு விலாவில் தொட்டது போலிருக்கும். கண்ணை மூடச் சொல்லிச் சோதித்தாள்.

"எங்கனடா தொடுறேன்?"

"விலாவுல."

"பொய் சொல்லாத. கையிலதான தொடுறேன்."

"விலாவுலதான் ஆத்தா தெரியுது."

அவள் விரலை எடுத்துவிட்டாள். பிறகு, "எங்கன தெரிஞ்சா என்ன, கட்டையப் பிடிச்சாப் போதும்" என்றாள். நாள் செல்லச் செல்ல மூச்சைத் துணைக்கு அழைக்காமலே கை தானாகப் பழகிவிடும் என்று பயிற்சி அம்மா சொல்லியிருந்தார். என் கை அதுவரை பழகவில்லை.

அடுத்த ஐப்பசியில், காலையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த ஆத்தா முறத்தின் மேலேயே சாய்ந்தாள். நாங்கள் தூக்குவதற்குள் முடிந்துவிட்டது.

பத்து மணிக்கெல்லாம் தாய்மாமன் வந்துவிட்டார். ஆத்தாவின் தம்பி அவர், எங்கள் வீட்டில் அவர் சொல்தான் கடைசிச் சொல். வாசலில் வைத்தே சொன்னார்.

"மாப்ள, வருத்தப்படாத. மூத்தவனே வைக்கட்டும். சுடுகாட்டுல போயி நெருப்பக் கீழ போட்டுட்டா அதவிடக் கேவலம் இல்ல."

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். "ஆத்தா இவனத்தான் சொன்னா, மாமா" என்று மட்டும் சொன்னார்.

"சொன்னாதான். அவளா வந்து இவன் கையப் பிடிக்கப் போறா?"

எனக்குப் பேச வராது என்று முன்னமே சொன்னேன்.

துட்டி கேட்க, அதாவது துக்கம் விசாரிக்க, ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். எங்கள் ஊரில் ஆண்கள் துட்டி கேட்பது கையால்தான். செத்தவரின் பிள்ளைகள் வாசல் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். வருகிறவர் குனிந்து இரண்டு கைகளையும் நீட்டுவார், நாமும் இரண்டு கைகளையும் நீட்டித் தொட வேண்டும். பேச்சு ஒன்றும் கிடையாது. நான் இடது கையை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தேன். வலது கை சட்டைக்குள் இருந்தது. அதுவரை எனக்கு அழுகை வரவில்லை.

தோட்டத்துக்காரர் வந்து குனிந்து இரண்டு கைகளையும் நீட்டினார். அவர் முகத்தைப் பார்த்ததும் எங்கிருந்தோ கேவல் வந்துவிட்டது. சட்டைப் பொத்தான் தெறித்தது. கை வெளியே வந்து அவர் முகத்துக்கு நேரே எழுந்து நின்றது. அவர் இரண்டடி பின்னால் போனார். அடுத்த கேவலுக்கு அது மறுபடி எழுந்தது. என்னால் அழுகையை நிறுத்த முடியவில்லை. ஒவ்வொரு கேவலுக்கும் என் மடியிலிருந்து அது எழுந்து எழுந்து விழுந்தது.

ஒப்பாரி நின்றது. உள்ளேயிருந்து ஒரு பெண் குரல், "ஆத்தா வந்துட்டாடீ! மகன் கையில வந்துட்டா!" என்று கத்தியது. இன்னொருத்தி குலவையிட்டாள். திருநீற்றை அள்ளி வந்து என் மேல்கையில் அப்பினார்கள். விலாவில் சில்லென்றது. பத்து இருபது பேர் என்னைச் சுற்றி நின்றார்கள். ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்துத்தான் பேசினார்கள்.

"ஆத்தா, என்ன கொற வச்சோம்? சொல்லுத்தா."

கேவினேன். எழுந்தது.

தாய்மாமன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். என் கைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தார்.

"அக்கா, நீதானான்னு எனக்குத் தெரியாது. கேக்குறேன். ஒனக்கு மூத்தவன் கொள்ளி வைக்கட்டுமா?"

அந்த நேரம் பார்த்து எனக்கு அழுகை அடைத்துக்கொண்டது. கை மடியில் கிடந்தது. அசையவில்லை. கூட்டத்தில் இருமல்கூட இல்லை.

"இளையவன் வைக்கட்டுமா?"

மூச்சு உள்ளே வந்தது. கை எழுந்தது. நெஞ்சு உயரம் வந்து, விரல்கள் விரிந்து, அவர் முகத்துக்கு முன்னால் நின்றது. மாமா அதை இரண்டு கைகளாலும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அந்த மூச்சு கேவலாக வந்ததா, நான் இழுத்ததா என்று பலர் கேட்டிருக்கிறார்கள். கோயம்புத்தூர் டாக்டரிடம் சொன்னபோது அவரும் கேட்டார். இன்றுவரை எனக்கே தெரியவில்லை. இழுத்தேன் என்றால் செத்த வீட்டில் ஏமாற்றியவன் ஆவேன். இழுக்கவில்லை என்றால், அதைவிட எனக்குப் பயமாக இருக்கிறது.

சாயங்காலம் முல்லையாற்றங்கரைக்குக் கொண்டுபோனோம். மேகமலைப் பக்கம் கறுத்துத் தூறல் போட்டது. இடது தோளில் குடத்தோடு மூன்று சுற்று வந்தேன். சுற்றுக்கு ஒரு துளையாகக் குடத்தில் கொத்தினார்கள், தண்ணீர் முதுகில் ஓடியது. பிறகு சிதைக்கு முதுகைக் காட்டி நின்று குடத்தைப் பின்னால் போட்டேன். சடங்கு செய்கிறவர் கொள்ளிக் கட்டையை என் வலது கையில் வைத்து விரல்களை மூடினார்.

"திரும்பிப் பாக்காத தம்பி. கைய இறக்கு. பின்னால விறகுல பட்டாப் போதும்."

கட்டையை வாங்க மூச்சை இழுத்திருந்தேன். கை மடங்கி நெருப்போடு நெஞ்சுக்கு நேரே நின்றது. இனி மூச்சை விட வேண்டும், விட்டால் இறங்கும். விட்டேன். கை இறங்கவில்லை.

இன்னும் விட்டேன். நெஞ்சில் காற்றே இல்லை என்று ஆகும்வரை விட்டேன். காது அடைத்தது. கை இருந்த இடத்தில் இருந்தது. கட்டையின் சூடு முகத்தில் அடித்தது. எதிரில் அண்ணனும் மாமாவும் நின்றார்கள், அவர்கள் கண்கள் என் கையில் இருந்தன. என் பின்னால் ஆத்தா மட்டும்தான் இருந்தாள்.

"ஏலே, இறக்குடா" என்று அண்ணன் மெதுவாகச் சொன்னார்.

"என்னால முடியலண்ணே" என்று சொல்ல வாயைத் திறந்தேன். பேசக் காற்று இல்லை. வாய் மட்டும் அசைந்தது. அப்போது கை இறங்கியது. விழவில்லை. எப்போதும் பொத்தென்று விழுகிற கை, கைக்குழந்தையைத் தொட்டிலில் கிடத்துவது போல மெல்ல மெல்ல இறங்கித் தொடைக்குப் பக்கத்தில் நின்றது. பின்னால் விறகு பற்றும் சத்தம் கேட்டது. அதன் பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அந்த மூச்சுக்குக் கை எழவில்லை.

களைப்பில் தசை இறுகிப் பிடித்துக்கொண்டிருக்கும், அப்படி நடப்பதுண்டு என்று டாக்டர் பின்னால் சொன்னார். படித்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். திரும்பிப் பார்க்காமல் ஆற்றில் முழுகிவிட்டு நடந்தேன்.

மறுநாள் காலையில் அண்ணனும் நானும் மாமாவும் காடாத்துக்குப் போனோம். சாம்பலில் பால் தெளித்து, எலும்பு பொறுக்கி, ஆற்றில் கரைத்தோம். தண்ணீர் கலங்கலாக ஓடியது. பதினோரு மணிக்கு வீட்டுக்கு வந்து சாப்பிட்டோம். மாமா மதியம் பஸ்ஸில் ஊருக்குப் போனார்.