பின்னால் எடுக்கத் தெரிந்தவர்

புளியறை மலைப்பாதை வளைவில் ஒரு லாரி வேகமாக எங்கள் ஜீப்புக்கு நேரே வந்துவிட்டது. வழியெல்லாம் விசிலடித்தபடி ஓட்டிய நரைமீசை டிரைவர், விசிலை நிறுத்தாமலே ஜீப்பைச் சர்ரென்று பின்னால் எடுத்து ஒதுக்கினார். குற்றாலத்தில் குளித்துவிட்டு வந்த நாங்கள் வியர்வையில் மறுபடி நனைந்திருந்தோம்.

“இத எங்க பழகுனீய அண்ணாச்சி?” என்று கேட்டேன்.

“பட்டாளத்துல. எங்க ஜீப்புல டாங்கிய அடிக்கிற ஏவுகணை இருக்கும். அது போயி அடிச்ச ஒடனே பின்னால ஓடிரணும். ஜீப்புக்குக் கவசம் கெடையாதுல்லா.”

“எத்தன டாங்கி அடிச்சீய?”

“சண்டையே வரலையே. பழகுனதோட சரி.”

“வருத்தமா இருக்கா?”

“எதுக்கு? அந்த டாங்கிக்குள்ளயும் ஒரு டிரைவர் இருப்பாம்லா.”

ஏவுகணை வண்டியை இப்படி நினைக்கும் இவரிடம் நம்பிக் கொடுத்த அதிகாரி யாரோ, அவரும் நல்ல மனிதராகத்தான் இருந்திருப்பார்.