டப்பா இல்லாத படம்

அலுவலகத்தில் அவனுக்குப் ‘பூனை’ என்று பெயர். மதில்மேல் பூனையில் பாதி. சாமி உண்டா இல்லையா என்று யார் வாயைக் கிளறினாலும், “இருந்தா இருந்துட்டுப் போகட்டும், நமக்கு வேலை கிடக்கு” என்பான். கும்பிடுகிறவனுக்கும் அது பிடிக்காது, கும்பிடாதவனுக்கும் பிடிக்காது. பூனையாவது எந்தப் பக்கம் குதிக்கலாம் என்று பார்த்துக்கொண்டிருக்கும். இவனுக்குக் குதிக்கிற எண்ணமே கிடையாது. கம்ப்யூட்டரில் புரோகிராம் எழுதுவது பிழைப்பு; லீவு நாளில் கேமராவைத் தூக்கிக்கொண்டு அலைவது பைத்தியம். அவ்வளவுதான் ஆள்.

அலைந்து எடுத்ததெல்லாம் சுமார். உருப்படியான ஒரே படம் வீட்டுக்குள் எடுத்ததுதான். அப்போது அம்மா சலவை ஆலையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். ஷிப்டு முடிந்து வந்து, ஜன்னலோரம் உட்கார்ந்து, ப்ளீச்சிங் தண்ணீர் தின்ற கைகளுக்குக் களிம்பு தடவினாள். உள்ளங்கை இரண்டும் சேர்ந்திருந்தன. எரிச்சல் தாங்காமல் கண்ணை மூடியிருந்தாள். மடியில் களிம்பு டப்பா, மூடி திறந்தபடி. வெயில் விரல் வெடிப்புகளில் விழுந்தது, கேமராவை அமுக்கிவிட்டான்.

அந்தப் படத்தை அவன் கம்ப்யூட்டர் திரையில் பார்த்துவிட்டு மேனேஜர் வாயைப் பிளந்தார். “அடேயப்பா! இதை நம்ம புது ஆப்புல போடலாம்பா, குடுக்கிறியா?” புது ஆப் என்பது பிரார்த்தனைக்கு நேரம் நினைவூட்டுவது. எந்தச் சாமியானாலும் சரி, நேரத்துக்குக் கூப்பிடும். எங்கே போடுவீர்கள், எப்படிப் போடுவீர்கள் என்று கேட்டிருக்க வேண்டாமா? படத்தைப் புகழ்ந்த குளிர்ச்சியில் தலையாட்டிவிட்டான்.

அடுத்த வாரம் ஆப்பைத் திறந்தவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. முகப்பில் அம்மா. மடியும் இல்லை, டப்பாவும் இல்லை. கைக்குக் கீழே வெட்டிவிட்டார்கள். வெடிப்புகளையும் பூசி மெழுகியிருந்தார்கள். அடியில் பொன் எழுத்தில் ஒரு வரி: ‘கேட்டாள். கிடைத்தது.’

நேராக மேனேஜர் அறைக்குள் போனான்.

“டப்பா எங்க சார்?”

“எந்த டப்பா?”

“எங்கம்மா மடியில இருந்தது. அவங்க கும்பிடல சார், கைக்கு மருந்து போட்டுக்கிட்டிருந்தாங்க.”

“பாக்கறவனுக்கு அது தெரியவா போகுது? முகத்தப் பாரு, என்ன பக்தி!”

“பக்தி இல்ல சார், எரிச்சல்.”

மேனேஜர் சிரித்தார். “உனக்குத்தான் சாமியும் கிடையாது, பூதமும் கிடையாதே பூனை. கும்பிட்டா என்ன, கும்பிடலைன்னா என்ன? நீ ஏன் குதிக்கிற?”

அதுதான் அவனுக்கு உச்சந்தலையில் ஏறியது. சாமியைப் பற்றி அக்கறை இல்லையென்றால் பெற்றவளைப் பற்றியும் இருக்காதாமா? நன்றாக இருக்கிறது நியாயம்! உழைத்து வெந்த கையை எடுத்துக்கொண்டு, உழைப்பை மட்டும் கத்தரித்துக் குப்பையில் போட்டுவிட்டு, மிச்சத்துக்குப் பொன் எழுத்து வேறு.

“சாமி விஷயத்துல எனக்கு ஒண்ணுமில்ல சார். இது எங்கம்மா விஷயம். எடுத்துடுங்க.”

“முதலாளிக்கே பிடிச்சுப்போச்சுப்பா. சரி, உங்கம்மாவையே கேளு. அவங்க வேணாம்னா எடுத்துடறேன். ஆனா சந்தோஷப்படுவாங்க, வேணா பாரு.”

அந்தப் பயம் அவனுக்கும் இருந்தது. வீட்டுக்குப் போனதும் செல்போனை நீட்டினான். அம்மா தள்ளிப் பிடித்துப் பார்த்தாள்.

“நல்லாத்தான்டா இருக்கேன். மகராசி மாதிரி.”

அவன் போனைத் திரும்ப வாங்கக் கை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை.

“கீழ என்ன எழுதியிருக்கான்? கண்ணாடி இல்ல, படி.”

“கேட்டாள், கிடைத்தது.”

“என்னத்தக் கேட்டேனாம்?”

“அது போடலம்மா.”

“நான் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். சூப்பர்வைசர்கிட்ட ரப்பர் கிளவுசு கேட்டேன். வருஷக்கணக்கா கேட்டேன். வந்துச்சா?” போனை அவன் மடியில் போட்டாள். “‘கிளவுசு கேட்டாள். கிடைக்கவில்லை’ன்னு எழுதச் சொல்லு. தாராளமா போட்டுக்கட்டும்.”

“சாமிகிட்ட கேக்கலையாம்மா?”

“அவரு எந்த ஷிப்டுன்னு தெரியலடா.”

மறுநாள் அதை அப்படியே ஒப்பித்தான். மேனேஜர் முகம் செத்துப்போயிற்று. “அப்படியெல்லாம் போட முடியுமா? விடு, வேற படம் வாங்கிக்கறேன்.”

சாயங்காலமே விலைக்கு வாங்கிய படம் வந்தது. யாரோ ஒரு மாடல் பெண், கண்மூடி, கைகூப்பி. வெண்ணெயில் கடைந்தெடுத்த கை. ஒரு கீறல் கிடையாது. அடியில் அதே பொன் எழுத்து, அதே வரி. ஆப்பில் அதை ஏற்றுகிற வேலை யார் தலையில் விழும்? இவன் தலையில்தான். பல்லைக் கடித்துக்கொண்டு ஏற்றினான்.

“இந்தக் கைக்குக் கேட்டதெல்லாம் கிடைக்கும்யா, ஏன் கிடைக்காது!” என்று கூடமே திரும்பிப் பார்க்கிற மாதிரி சத்தம் போட்டான். மேனேஜர் அறைக் கதவு திறந்துதான் இருந்தது.