அட்ஜஸ்ட் பண்ணாத பை

எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் நான். எனக்குத் தெரிந்த ஆங்கிலச் சொற்கள் கொஞ்சம்தான். அவற்றில் ஒன்றை வைத்துக்கொண்டே திண்டுக்கல்லில் இத்தனை காலம் ஓட்டிவிட்டேன். அட்ஜஸ்ட். தையல் மிஷினில் நூல் அறுந்துகொண்டே இருந்தால் மெக்கானிக் வந்து திருகாணியை அட்ஜஸ்ட் பண்ணுவார். குழம்பில் உப்பு கூடிப்போனால் உருளைக்கிழங்கைப் போட்டு நான் அட்ஜஸ்ட் பண்ணுவேன். கல்யாணமாகிப் போகும்போது, புகுந்த வீட்டில் எப்படி இருக்க வேண்டும் என்று அம்மாவைக் கேட்டேன். அவளும் இதே சொல்லைத்தான் சொன்னாள். திருகாணி மாதிரியா, உருளைக்கிழங்கு மாதிரியா என்று சொல்லவில்லை.

கல்லூரியில் படிக்கும் என் மகள் ஒருநாள் இந்தச் சொல்லுக்குப் போனில் அர்த்தம் தேடினாள். சரிசெய்தல், பொருத்துதல், இணங்கிப்போதல்.

"அம்புட்டுதானா? பஸ்ல தள்ளி உக்காருன்னு போடலையா?"

"போடலம்மா."

"சொன்ன நாளைக்குத் தர முடியல, வையாதீங்கன்னு?"

"அதுவும் இல்ல."

அரைகுறையான அகராதி போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

போன வைகாசியில் சேவுகம்பட்டிப் பெண் ஒருத்திக்குக் கல்யாணம். முதல்நாள் மாலை வரவேற்பு. அதற்கு உடுத்தும் ஜாக்கெட் என் கையில் இருந்தது. கையிலும் முதுகிலும் ஆரி ஊசியால் பூவேலை செய்தது. வேறு மாற்று கிடையாது. வரவேற்பன்று காலையில் பெண்ணின் அம்மா போன் பண்ணினார். "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கங்கக்கா, மத்தியானத்துக்குள்ள நானே கொண்டாந்து தாரேன்" என்றேன்.

கல்யாண ஜாக்கெட் என் வீட்டை விட்டுச் சும்மா போகாது. துணிப்பையில் வைத்து, பையின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, கைப்பிடியில் ஒரு முழம் மல்லி சுற்றித்தான் கிளப்புவேன். அன்றும் அப்படியே செய்தேன். பாதி வழியில் அயர்ன் பாக்ஸை அணைத்தேனா என்ற சந்தேகம் வந்தது. திரும்பிப் போனேன். அணைத்துத்தான் இருந்தது. இருந்தாலும் ஒருமுறை போட்டு அணைத்தேன். அந்தக் குழப்பத்தில் கைக்குட்டையை அங்கேயே வைத்துவிட்டேன்.

கைக்குட்டை இல்லாமல் எங்கள் பஸ் ஸ்டாண்டுக்குப் போகக் கூடாது. வண்டி உள்ளே திரும்பும்போதே ஜன்னல் வழியாகத் துண்டோ கைக்குட்டையோ போட்டால்தான் சீட் உண்டு. போட்டவர் வரும்வரை அந்தத் துண்டுதான் ஆள். வத்தலக்குண்டு வண்டி திரும்பியது. நானும் ஓடினேன். கை பழக்கத்தில் போட்டுவிட்டது. என்ன போட்டேன் என்று பார்த்தால், கையில் பை இல்லை.

வாசலில் நல்ல நெரிசல். கண்டக்டர் என் முகத்துக்கு நேரே கையை நீட்டினார். "யக்கா, பின்னாடியே அடுத்த வண்டி வருது. அட்ஜஸ்ட் பண்ணி அதுல வாங்க."

"அண்ணே, என் பை ஏறிருச்சு!"

"பை ஏறிருச்சுல்ல, பெறகென்ன? நீங்க பைய வாங்க!" விசில் ஊதிவிட்டார்.

அடுத்த வண்டியில் பலாப்பழத்தோடு வந்த ஒரு அம்மா, "செத்த அட்ஜஸ்ட் பண்ணும்மா" என்று பழத்தையும் சேர்த்து உட்கார்ந்தார். எனக்குப் பாதி சீட், பாதி காற்று. பையை யாராவது எடுத்திருப்பார்களோ, அதன்மேல் மீன்கூடையை வைத்திருப்பார்களோ என்று முன்னால் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தேன். பெண்ணின் அம்மா மறுபடி கூப்பிட்டார்.

"எங்க வாரீங்க?"

"ஜாக்கெட்டு முன்னாடி வண்டியில வருது. நான் பின்னாடி வண்டியில வாரேன்."

"தனியாவா வருது?" என்றார்.

வத்தலக்குண்டில் இறங்கியதும் ஓடினேன். முன்னால் வந்த வண்டி நின்றுகொண்டிருந்தது. எல்லோரும் இறங்கியிருந்தார்கள். ஜன்னலோர சீட்டில் என் பை இருந்தது. பக்கத்தில் ஒரு பெரியவர் கம்பியைப் பிடித்தபடி நின்றிருந்தார்.

"இந்த சீட்டுக்கு ஆளு நீதானா தாயி?"

"ஆமாய்யா."

"ஆளு வருது, ஆளு வருதுன்னு சொல்லிச் சொல்லித் தொண்ட வத்திப்போச்சு. ஒருத்தன் அடிக்கவே வந்துட்டான்."

"பைய மடியில வச்சுக்கிட்டு நீங்க உக்காந்திருக்கலாமேய்யா?"

முறை தெரியாதவளைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "மஞ்சத் தடவிப் பூ வச்சு இடம் போட்டிருக்கு. அதுல போயி உக்காரச் சொல்றியே!"

கண்டக்டர் படியிலிருந்து சொன்னார்: "நானும் அட்ஜஸ்ட் பண்ணி உக்காருங்கன்னு சொல்லிப் பாத்தேன்கா. கேக்கல. இத்தனைக்கும் அவரு டிக்கெட் செம்பட்டிக்கு."

"நடுவழியில விட்டுட்டு எப்படிப்பா எறங்குறது?" என்றார் பெரியவர். நான் பையை எடுத்தபிறகுதான் உட்கார்ந்தார். வந்த வழியே செம்பட்டிக்குத் திரும்ப வேண்டுமே.

ஆட்டோ பிடித்துச் சேவுகம்பட்டி போய்ச் சேர்ந்தபோது மேளக்காரர்கள் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். பெண் ஜாக்கெட்டைப் போட்டாள். கொக்கி மாட்டவில்லை. அளவு கொடுத்த நாளிலிருந்து சொந்தக்காரர்கள் வீடுவீடாகக் கூப்பிட்டு விருந்து வைத்திருக்கிறார்கள். இழுத்துப் பிடித்து மாட்டியதும் அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"மூச்சு விட முடியலக்கா."

"செத்த நேரந்தானடி, அட்ஜஸ்ட் பண்ணிக்க" என்றார் அவள் அம்மா.

நான் யாரையும் எதிர்த்துப் பேசுகிறவள் இல்லை. அன்று எப்படியோ வாய் வந்துவிட்டது. "அவ ஏன் பண்ணணும்? துணி பண்ணட்டும். கழட்டு தாயி."

என்னைப் போலப் பயந்தவள் தைத்த ஜாக்கெட்டில் தையலுக்கு உள்ளே இரண்டு விரல் துணி எப்போதும் மிச்சம் இருக்கும். இரு பக்கமும் தையலைப் பிரித்து, தள்ளி வைத்துக் கையாலேயே ஓட்டினேன். கொக்கி தானாகப் போய் விழுந்தது. அவள் மூச்சை இழுத்து விட்டுப் பார்த்தாள். இன்னொரு தடவையும் விட்டாள். பிறகு, "யாராச்சும் பூ வச்சு விடுங்க" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுக் கண்ணாடிப் பக்கம் திரும்பினாள்.

திரும்பும்போது வத்தலக்குண்டில் நின்ற வண்டியில் ஒரே ஒரு சீட் காலி. அதில் யாரோ துண்டு போட்டிருந்தார்கள். நான் பக்கத்தில் நின்றுகொண்டேன். ஒரு பையன் வந்து உட்காரப் போனான்.

"தம்பி, ஆளு வருது."

"யாருக்கா?"

"தெரியலப்பா. வருவாங்க."

செம்பட்டியும் தாண்டிப் போனது. துண்டு ஜன்னலோரம் காற்று வாங்கிக்கொண்டே வந்தது. எனக்குத்தான் கால் கடுத்தது.