புகாரே இல்லாத தெரு

தண்ணீரைப் பற்றி ஸ்டீபன்ராஜ் அளவுக்குத் தெரிந்தவர் எங்கள் தெருவில் யாரும் கிடையாது. ஊருக்குத் தண்ணீர் விடும் கம்பெனியில், கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் வேலை அவருக்கு. எந்தத் தொட்டி நிரம்பியிருக்கிறது, எந்தக் குழாயில் அழுத்தம் குறைகிறது என்பதெல்லாம் ஏசி அறையிலேயே தெரிந்துவிடும். சொந்த வீட்டுக் குழாய் வறண்டு கிடப்பதை மட்டும் அவர் மனைவி வினோலியா சொல்லித்தான் தெரிந்துகொள்வார். நான் எதிர்வீடு என்பதால், அவள் சொல்வது எனக்கும் நன்றாகவே கேட்கும்.

"இதுக்குப் பேரு பிக் டேட்டாக்கா," என்று ஒருநாள் எனக்கு வகுப்பெடுத்தார். "தொட்டி, குழாய், மழை, சனங்க போன்ல போடுற புகாரு, அம்புட்டையும் கம்ப்யூட்டர்ல கொட்டிருவோம். எந்தத் தெருவுக்கு எம்புட்டுத் தண்ணி வேணும்னு அதுவே சொல்லிரும். கட்சிக்காரன் அதட்டலெல்லாம் அதுகிட்டச் செல்லாது."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. இடுப்பில் காலிக் குடம் இருந்ததால் முழுதாக ரசிக்க முடியவில்லை.

எங்கள் தெருக்காரர்களின் சாமர்த்தியத்தையும் சொல்ல வேண்டும். ஆபீஸ் ஆளே தெருவில் குடியிருக்கும்போது, போனில் புகார் போட எங்களுக்கென்ன கிறுக்கா? நேராகப் போய் அவர் வீட்டுக் கேட்டைத் தட்டுவோம். அவர் தலையாட்டுவார். எங்களுக்கும் மனசு குளிர்ந்துவிடும். கம்ப்யூட்டருக்கோ எங்கள் தெருவிலிருந்து ஒரு முனகல்கூடக் கேட்கவில்லை. இவர்கள் பரம திருப்தியாக இருக்கிறார்கள் என்று முடிவுகட்டி, எங்கள் பங்கில் பாதியைப் புகார் போடத் தெரிந்த தெருக்களுக்குத் திருப்பிவிட்டது. போதாக்குறைக்கு, ஊழியர்கள் குடியிருக்கும் தெருக்களிலேயே புகார் வராத தெரு இதுதான் என்று அவருக்கு ஒரு ஷீல்டு வேறு கொடுத்தார்கள். அதை டிவி பக்கத்தில் வைத்திருந்தார். தூசியை ஈரத்துணியால் துடைக்கத்தான் வழியில்லை.

இந்த நேரத்தில்தான் அவர்கள் மகளுக்குச் சர்ச்சில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மை வந்தது. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பூசை முடிந்ததும் வீட்டில் விருந்து. தன் வீட்டு வாசலில் பந்தல் போட்டு, சொந்தபந்தம் எல்லாருக்கும் பிரியாணி போட வேண்டும் என்பது ஸ்டீபன்ராஜின் வெகுநாள் ஆசை. பாவம், அந்த ஆசையை நான் குறை சொல்ல மாட்டேன்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள தண்ணி வரணும்," என்றாள் வினோலியா. "இல்லைன்னா விருந்து ரெட்டியார்சத்திரத்துல, எங்கம்மா வீட்ல."

"நம்ம தெருவுல புகாரே இல்லையே வினோ. கம்ப்யூட்டர் எப்படித் தண்ணி விடும்?"

"தெனமும் நான் கத்துறது?"

"அது வாய்ப் பேச்சு. டேட்டா இல்ல."

"அப்ப நீங்களே ஒரு புகார் போடுங்க."

அவர் ஷீல்டைப் பார்த்தார்.

வெள்ளிக்கிழமை காலையில், அவர் வேலைக்குக் கிளம்பிய கையோடு, வினோலியா போனை எடுத்துத் தானே புகார் போட்டாள். பெயர், தெரு, வறண்ட குழாயின் படம் எல்லாம் சேர்த்து அனுப்பினாள். எங்கள் தெருவின் முதல் டேட்டா அதுதான். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

ஆனால் அந்த ஆபீசில் ஒரு பழக்கம் உண்டு. சாயங்காலம் திரையில் ஒரு சிவப்புப் புள்ளி மிஞ்சினாலும் மேலதிகாரிக்குக் கோபம் வரும். அதனால் ஐந்து மணிக்கு, அன்றைக்கு வந்த புகார்கள் அத்தனையையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து, 'சரிசெய்யப்பட்டது' என்று அமுக்கிவிடுவார்கள். திரை பச்சையாகிவிடும். அதை அமுக்கும் பொறுப்பு ஸ்டீபன்ராஜுடையது. யார் புகார், எந்தத் தெரு என்று படிக்கும் வழக்கமெல்லாம் கிடையாது.

அவர் வேர்வையோடு வீடு வந்தபோது வினோலியா பை கட்டிக்கொண்டிருந்தாள். நான் மாவுச் சல்லடையைத் திருப்பிக் கொடுக்கப் போயிருந்தேன்.

"குளிக்கத் தண்ணி இருக்கா?" என்றார்.

அவள் போனை அவர் கையில் கொடுத்தாள். 'தங்கள் புகார் திருப்திகரமாகச் சரிசெய்யப்பட்டது. பொறுப்பு அலுவலர்: ஸ்டீபன்ராஜ்.' அவர் அதை இரண்டு தடவை படித்தார்.

"வந்திருச்சாம்," என்றாள் வினோலியா. "போய்க் குளிங்க. ஞாயித்துக்கிழமை கோயில் முடிஞ்சதும் விருந்து எங்கம்மா வீட்ல. நீங்களும் வாங்க."