அக்கா செலவழிக்காத காசுகள்

எங்கள் அக்காவின் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் ஏந்தியிருக்கும் சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். "மாமா, அழ வைக்கிற மாதிரி எழுதிடாதீங்க" என்று அக்காவின் மகள் எனக்குக் கட்டளையிட்டிருக்கிறாள். முயல்கிறேன்.

அக்கா பிறந்தது ஜொகூர் மாநிலத்துப் பெக்கான் நானாஸில். அன்னாசித் தோட்டத்தில் வேலை செய்த அப்பா திடீரென்று மறைந்தபோது நானும் தங்கையும் ஆரம்பப் பள்ளியில் இருந்தோம். அக்கா படிப்பை நிறுத்திவிட்டுப் பாசிர் கூடாங் தொழிற்சாலையில் சேர்ந்தார். எங்கள் பள்ளிச் சீருடை முதல் தங்கையின் திருமணம் வரை எல்லாமே அவருடைய ஷிப்ட் வேலையில் நடந்தவை. ஒரு நாளும் அவர் அதைச் சொல்லிக் காட்டியதில்லை.

தமக்கென்று அவர் சேர்த்தது டோக்கன்கள் மட்டுமே. இரவு ஷிப்டில் தேநீருக்காகக் கேண்டீனில் மஞ்சள் பிளாஸ்டிக் டோக்கன் தருவார்களாம். மற்றவர்கள் தேநீர் குடிக்க, அக்கா பச்சைத் தண்ணீரைக் குடித்துவிட்டு டோக்கனை வீட்டுக்குக் கொண்டுவருவார். "டீ குடிச்சா தீந்துடும்லா. இது தீருமா?" என்பார். பின்னர் விளையாட்டு மையத்துப் பித்தளை டோக்கன், பிள்ளைகளின் பொம்மைக் காசு என வட்டமாக எது கிடைத்தாலும் பிஸ்கட் டின்னுக்குள் போயிற்று.

அக்காவின் கணவர் தொழிற்சாலைப் பேருந்து ஓட்டியவர். நான் மச்சான் என்று அழைப்பேன். ஒருமுறை ஜொகூர் பாருவில் ஒரு பேரங்காடிக்குப் போய்விட்டுக் கிளம்பும்போது கார் நிறுத்துமிடத்தில் தந்த நீல டோக்கனைக் காணவில்லை. இருக்கைக்கு அடியிலெல்லாம் தேடிக் களைத்து, மச்சான் தண்டம் கட்டினார். கார் சாலைக்கு வந்த பிறகுதான் அக்கா கைப்பையைத் திறந்து காட்டினார்.

"தொலைஞ்சிருச்சின்னு சொன்னியேடி!"

"நான் எங்கங்க சொன்னேன்? நீங்கதான் சொன்னீங்க. இந்தக் கலர் நம்மகிட்ட இல்லங்க."

"அலமாக்!" என்று மச்சான் தலையில் அடித்துக்கொண்டார்.

அக்காவுக்குப் புற்றுநோய் என்று தெரிந்த பிறகும் வலியைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். பார்க்க வந்தவர்கள் பழம் கொண்டுவந்தால் நன்றி சொல்வார். டோக்கன் கொண்டுவந்தால் எழுந்து உட்காருவார்.

அவரை நடு வீட்டில் கிடத்தியிருந்தபோது, நெற்றியில் வைக்க ஒரு காசு கேட்டார் பெரியப்பா. எல்லாரும் பையைத் தடவினோம். எல்லார் கையிலும் கைப்பேசிதான் வந்தது.

"இத்தன பேருல ஒருத்தன்கிட்டகூடவா சில்லறை இல்ல?"

"இப்ப எல்லாம் ஸ்கேன்தான் பெரியப்பா" என்றேன்.

மச்சான் எழுந்து உள்ளே போனார். பிஸ்கட் டின்னைக் கிளறும் சத்தம் கேட்டது. நட்சத்திரம் போட்ட பித்தளை டோக்கன் ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினார். பெரியப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது காசே இல்லியேப்பா! சாஸ்திரம்னு ஒண்ணு இருக்குல்ல?"

"அவளுக்கு இதான் காசு. வைங்க" என்றார் மச்சான். அன்று அவர் பேசியதே அவ்வளவுதான்.

பெரியப்பா டோக்கனைத் துடைத்து, சந்தனம் தொட்டு வைத்தார். அக்காவின் மகள்தான் முதலில் சிரித்தாள். பிறகு வீடே சிரித்தது, பிறகு வீடே அழுதது.

நோயில் உடனிருந்த தாதியருக்கும், சமைத்துக் கொண்டுவந்த பக்கத்து வீட்டாருக்கும், ஷிப்ட் முடிந்த கையோடு ஓடிவந்த தொழிற்சாலைத் தோழிகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. முன்னின்று எல்லாவற்றையும் நடத்திக் கொடுத்த பெரியப்பாவுக்கும் நன்றி. தகனத்துக்கு முன் அந்த டோக்கனை எடுத்துத் தம் சட்டைப் பையில் போட்டுக்கொண்டவர், கேட்டால் இன்னும் தர மறுக்கிறார்.