மூன்றாம் நாளும் மேற்படி

எழுபதுகளின் கடைசியில், கோவில்பட்டிக்கு வெளியே கன்னியாஸ்திரிகள் நடத்திய பத்துக் கட்டில் ஆஸ்பத்திரி ஒன்றில் எனக்கு நர்ஸ் வேலை. டாக்டரும் ஒரு இத்தாலிக் கன்னியாஸ்திரிதான். தமிழ் அரைகுறை, இங்கிலீஷ் சுத்தமாக வராது. அவர் பார்த்துக்கொண்ட விடுதியில் வளர்ந்தவள் நான். அவர் பாஷை எனக்குத் தண்ணிபட்ட பாடு. கேஸ் ஷீட்டை இங்கிலீஷில் எழுதுவதும் நான்தான், அதை அவருக்கு இத்தாலியில் சொல்வதும் நான்தான். அந்தத் திமிர் எனக்குக் கொஞ்சநஞ்சமில்லை.

புதூர்ப் பக்கம் வெள்ளாமை செய்யும் சம்சாரி ஒருத்தரை, பருத்திக்காட்டில் விரியன் பாம்பு கடித்துவிட்டதென்று கொண்டுவந்தார்கள். டாக்டர் போட்ட ஊசியில் கண் முழித்துவிட்டார். மறுநாள் டாக்டர் குளத்தூர்ப் பக்கம் முகாமுக்குக் கிளம்பும்போது ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். விரியன் விஷம் சிறுநீரகத்தை அடிக்கும், தினமும் மூத்திரத்தை அளந்து எழுது, குறைந்தால் அந்த நிமிஷமே பாளையங்கோட்டை பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பு.

முதல் நாள் அளந்து எழுதினேன். குறைவில்லை. அடுத்த நாள் ஒரே கூட்டம். வார்டு வாசலில் நின்றபடியே அவர் பெண்சாதியிடம் எப்படி இருக்கார் என்று கேட்டேன்.

"நேத்து மாதிரிதாம்மா இருக்காவ" என்றாள்.

எங்கள் பக்கத்துப் பெண்கள் அப்படித்தான். புருஷனுக்கு மூத்திரம் பிரியவில்லை என்று வாய்விட்டுச் சொல்ல வெட்கம். ஆஸ்பத்திரிக்காரர்களைத் தொந்தரவு பண்ணக் கூச்சம். எனக்குத் தெரியாதா? நன்றாகவே தெரியும். தெரிந்தும், பாவி, நேற்றைய அளவுக்குக் கீழே மேற்படி என்று ஒரு டிட்டோக் குறி போட்டேன். மூன்றாம் நாளும் அதே கேள்வி, அதே பதில், இன்னொரு டிட்டோ.

நாலாம் நாள் காலையில் டாக்டர் திரும்பி வந்தபோது சம்சாரி வாந்தியெடுத்துத் துவண்டு கிடந்தார். டாக்டர் அந்த இரண்டு குறிகளையும் விரலால் தொட்டு, இது என்ன என்று கேட்டார். "கோமே சோப்ரா" என்றேன். மேலே உள்ளபடி என்று அர்த்தம். வார்த்தைக்கு வார்த்தை சரி. நான் பார்க்கவில்லை என்றல்லவா சொல்லியிருக்க வேண்டும்? பயந்துவிட்டேன்.

சிறுநீரகம் நன்றாக இருக்கிறதென்று அவர் நம்பிவிட்டார். வாந்தியில் உடம்பு வற்றிவிட்டதென்று மத்தியானம் வரை சலைன் ஏற்றினார். நான்தான் பாட்டில் மாற்றினேன். வெளியேற வழியில்லாத தண்ணீர் நெஞ்சில் ஏறிச் சம்சாரிக்கு மூச்சு முட்ட ஆரம்பித்த பிறகு, டாக்டரே குனிந்து கட்டிலுக்கு அடியிலிருந்த மூத்திர ஜாடியை எடுத்துப் பார்த்தார். காய்ந்து தூசி படிந்திருந்தது. உடனே கார் பிடிக்கச் சொன்னார். பாளையங்கோட்டை போகும் வழியில், கயத்தாறு தாண்டுமுன் உயிர் போய்விட்டது.

இரண்டு மாதம் கழித்து சம்சாரியின் பெண்சாதி தன் தம்பியோடு வந்தாள். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"செய்ய வேண்டியதெல்லாம் செஞ்சு பாத்தோம்லாம்மா?"

"ஆமாம்மா" என்றேன்.