மஞ்சப்பையில் எருவோடு ஸ்ரீரங்கம் போனேன்

மாடியில் காய்கறி போடக் கற்றுக்கொள்ள ஊர் விட்டு ஊர் போகலாமா என்று இந்த வலைப்பூவில் இரண்டு மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். தாராளமாகப் போகலாம். ஆனால் 1984 மே மாதம் நான் போன மாதிரி போகாதீர்கள். காலையில் உறையூரில் கற்றுக்கொண்டு, அன்று சாயங்காலமே ஸ்ரீரங்கத்தில் கற்றுக்கொடுத்துவிடலாம் என்று கிளம்பிய புத்திசாலி நான்.

அப்போது கரூரில் ஒரு பள்ளியில் ஹோம் சயின்ஸ் டீச்சராக இருந்தேன். என்னோடு படித்த வைதேகி ஸ்ரீரங்கத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். கல்யாணமாகி இரண்டு வருஷம். வாசலைத் தாண்டினால் கோயில், அதுவும் மாமியார் கூட வந்தால்தான். அவளிடமிருந்து ஓர் இன்லண்ட் லெட்டர் வந்தது. தெருப் பெண்கள் ஆறு பேரை வீட்டுக்கு வரவழைத்து, குப்பையில் எரு செய்வதும் மாடியில் காய்கறி வளர்ப்பதும் சொல்லித்தர மாமியார் ஒரே ஒரு தடவை சம்மதித்திருக்கிறாராம். ‘நல்லபடியாக நடந்தால் மாதாமாதம் கூட்டம் போடலாம், நானும் நாலு இடம் போய்வருவேன். கெட்டுப்போனால் எனக்கு அடுப்படிதான். நீதான் வரணும்’ என்று எழுதியிருந்தாள்.

எரு செய்வது எப்படி என்று பாடப்புத்தகத்தில் இருந்தது. கையால் செய்ததில்லை. அதை அவளிடம் ஒப்புக்கொண்டிருக்கலாம். வீம்பு விடவில்லை. ‘வருகிறேன்’ என்று கார்டு போட்டுவிட்டு, எங்கள் கணக்கு டீச்சரிடம் போய் நின்றேன். அவருடைய அக்கா லூர்து மேரியும் டீச்சர்தான். உறையூரில் பத்து வருஷமாக மாடித் தோட்டம் வைத்திருந்தார்.

கரூரில் காலை ஐந்தரைக்கு பஸ். குளித்தலை வழியாக எழுபத்தாறு கிலோமீட்டர், இரண்டேகால் மணி நேரம், டிக்கெட் ஏழு ரூபாய். வழியெல்லாம் காவிரி பக்கத்திலேயே வந்தது, சொட்டுத் தண்ணீர் இல்லாமல் வெறும் மணலாக. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இரண்டு இட்லி, ஒரு காபி, ஒன்றரை ரூபாய். அங்கிருந்து டவுன் பஸ்ஸில் உறையூர் பத்து நிமிஷம், முப்பது காசு.

லூர்து டீச்சர் வீட்டு மாடியைப் பார்த்து வாயைப் பிளந்துவிட்டேன். எண்ணெய் டின், ஓட்டை வாளி, உடைந்த பானை எல்லாவற்றிலும் கத்தரியும் தக்காளியும் கீரையும். மூலையில் சிமென்ட் தொட்டி. அதில்தான் எரு. அதுவரை எனக்கு எல்லாம் தெளிவாகவே இருந்தது. குழப்பம் அவர் விளக்க ஆரம்பித்ததும்தான் வந்தது.

நன்றாகத் தண்ணீர் தெளிக்க வேண்டும் என்றார். எழுதிக்கொண்டேன். ஈரம் தங்கக் கூடாது என்றார். அதையும் எழுதிக்கொண்டு, இரண்டில் எதைச் செய்வது என்று கேட்டேன்.

“கையில பிடிச்சுப் பாருங்க, தெரியும்” என்றார்.

பிடித்துப் பார்த்தேன். ஒரு மண்ணும் தெரியவில்லை. எத்தனை நாளில் மக்கும் என்றேன்.

“அது மக்கும்போது மக்கும்ங்க.”

பதினோரு பக்கம் எழுதியும் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது. புரிந்தது ஒன்றே ஒன்றுதான். பாலுக்கு உறை ஊற்றுவது போல, புதுக் குப்பையில் பழைய எரு இரண்டு கை போட்டால் சீக்கிரம் மக்கும். அதை மட்டும் ஒரு மஞ்சப்பையில் அள்ளிக் கொடுத்தார்.

சத்திரத்துக்குத் திரும்பி, பகல் இரண்டு மணிக்கு ஒன்றாம் நம்பர் பஸ். ஸ்ரீரங்கம் ஏழு கிலோமீட்டர், இருபத்தைந்து நிமிஷம், நாற்பத்தைந்து காசு. பையில் என்ன என்று கண்டக்டர் மோப்பம் பிடித்துக் கேட்டார். மண் என்றேன். “ஏங்க, ஸ்ரீரங்கத்துல மண்ணு இல்லையா?” என்று கேட்டுவிட்டுப் போனார். ராஜகோபுரத்துக்குச் சாரம் கட்டியிருந்த காலம் அது. அண்ணாந்து பார்த்துக்கொண்டே போய், ஒரு தெரு தவறி, இரண்டே முக்காலுக்கு வைதேகி வீட்டை அடைந்தேன்.

மூன்று மணிக்கு ஆறு பேரும் வந்து கூடத்தில் உட்கார்ந்தார்கள். மாமியார் பின்னால் நாற்காலியில். வீட்டில் மிஞ்சுவதையெல்லாம் ஒரே தொட்டியில் போட வேண்டும் என்று ஆரம்பித்தேன். அந்த ஒரு வாக்கியத்தோடு என் வகுப்பு முடிந்துபோனது.

எல்லாம் என்றால் என்னென்ன என்று ஒருத்தி கேட்டாள். நறுக்கிய காய்த்தோல் சுத்தம். வடித்த சாதம் பத்து, தொட்டால் கை அலம்ப வேண்டும். சாப்பிட்ட இலை எச்சில். மூன்றையும் ஒன்றாகப் போட்டு, அதில் காய்த்த கத்தரிக்காயைப் பெருமாளுக்குப் படைக்கலாமா? பசு எச்சில் இலையைத் தின்கிறது, அதன் பாலைப் பெருமாளுக்கு வைக்கவில்லையா என்றாள் இன்னொருத்தி. பசுவும் தொட்டியும் ஒன்றா என்றாள் மூன்றாமவள். நான் எல்லாருக்கும் தலையாட்டினேன். அவரவர் பேசும்போது அவரவர் சொல்வதுதான் சரி என்று பட்டது.

மாமியாரின் கவலை வேறு. பெருமாளுக்குச் சாத்திக் களைந்த மாலைகளைக் கால் படாமல் காவிரியில் விடுவது அவர்கள் வழக்கம். காவிரியில் தண்ணீர் இல்லாததால் கொல்லையில் கூடை கூடையாகச் சேர்ந்துவிட்டன. அவற்றை எச்சிலோடு எப்படிப் போடுவது என்று கேட்டார். நோட்டைப் புரட்டினேன். பதினோரு பக்கத்திலும் பத்து இல்லை, எச்சில் இல்லை, மாலையும் இல்லை.

பேச்சை மாற்றப் பையைப் பிரித்து எருவைப் பேப்பரில் கொட்டினேன். மாமியார் எழுந்துவந்து குனிந்து பார்த்தார்.

“இதென்ன, வெள்ளை வெள்ளையா?”

எனக்குத் தெரியும். காலையில்தான் லூர்து டீச்சர் நொறுக்கிப் போட்டதைப் பார்த்தேன். சுண்ணாம்பு என்று சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை.

“முட்டை ஓடு, மாமி.”

ஆறு பேரும் புடவையை இழுத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தார்கள். வைதேகி குனிந்து அந்தப் பேப்பரை மடித்துக்கொண்டே இருந்தாள். அவளுக்குக் கிடைத்த ஒரே ஒரு தடவையையும் நானே கெடுத்துவிட்டேன் என்று எனக்கு அழுகை முட்டியது.

பை கொல்லைக்குப் போனது. தரையைத் துடைத்தார்கள். பிறகு மாமியார் என்னை விசாரித்தார். முட்டை ஓடு இல்லாமல் ஆகுமா? தெரியவில்லை மாமி. மாலைக்குத் தனித் தொட்டி வைக்கலாமா? தெரியவில்லை மாமி. ஆடியில் விதை போடுவதற்குள் மக்கிவிடுமா?

“மக்கும்போது மக்கும், மாமி.”

என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மருமகளிடம் திரும்பினார். “இவளுக்கு ஒண்ணும் தெரியலை. நீயே உறையூர் போய் அந்த டீச்சரைப் பாத்துக் கேட்டுண்டு வா.”

“துணைக்கு நீங்களும் வரேளாம்மா?”

“எனக்கு முழங்கால் வலி. பகல்லதானே, நீயே போயிட்டு வா.”

வைதேகி சரி என்று மட்டும் சொன்னாள். ஐந்தரைக்கு பஸ் ஏறினேன். அவமானப்பட்டேனா, உதவி செய்தேனா என்று கரூர் வரை எனக்கே விளங்கவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: ஒரு தொட்டியாவது உங்கள் கையால் மக்கவைத்துவிட்டுப் பிறகு சொல்லிக்கொடுக்கப் போங்கள். அதற்கு மூன்று மாதமாவது ஆகும். மே மாத வெயிலில் மொட்டை மாடியில் பத்து மணிக்கு மேல் நிற்க முடியாது. சொல்லிக்கொடுக்கப் போகிற வீட்டில் எதை எதோடு சேர்ப்பார்கள் என்று முன்னாலேயே கேட்டுவிடுங்கள். முட்டை ஓட்டைப் பொறுக்கி எடுத்துவிடுங்கள்.

ஆடி பிறந்ததும் வைதேகியிடமிருந்து கடிதம் வந்தது. இரண்டு தொட்டி வைத்தாயிற்றாம். உறையூருக்கு ஐந்து தடவை போய்வந்துவிட்டாளாம், எல்லாம் தனியாக. ‘ஒவ்வொரு தடவையும் ஒரு சந்தேகத்தைத்தான் கேட்டுக்கொண்டு வருகிறேன். எல்லாவற்றையும் ஒரே நாளில் கேட்டுத் தொலைக்க நான் என்ன அசடா?’